உயிர்மருத்துவ ஆய்வாளர்களுக்கான தரவு அறிவியல் பாடங்களைக் கூட்டாகத் திருத்தியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஓர் உயிர்மருத்துவ ஆய்வு நிறுவனம். செல் வளர்ப்பவர்கள், எலிகளை வைத்து ஆய்வு செய்பவர்கள், மருத்துவமனையிலிருந்து நோயாளி விவரங்களைத் திரட்டுபவர்கள், முனைவர் பட்ட மாணவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே தலைவலி: தரவு கையில் குவிகிறது, அலசத் தெரியவில்லை. எக்செல்லில் முடிந்தவரை ஓட்டுவார்கள். முடியாத கட்டத்தில் நிறுவனத்தின் கணினிப் பகுப்பாய்வுக் குழுவைத் தேடி வருவார்கள். அந்தக் குழுவில் இருந்ததோ நாலைந்து பேர்.

தேடி வருபவர்கள் கூடக்கூட, குழு ஒரு பயிலரங்கைத் தொடங்கியது. இரண்டு நாள், ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல் மொழி. முதல் நாளில் அடிப்படை இலக்கணமும் வரைபடங்களும். இரண்டாம் நாளில் புள்ளியியல், மரபணு வெளிப்பாட்டுத் தரவு, கடைசி ஒரு மணி நேரம் இயந்திரக் கற்றல். பாடம் என்பது நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்லைடுகள். ஒவ்வொரு முறையும் யார் நடத்தினாரோ அவர் தனக்குத் தோன்றியதைச் சேர்த்தார். யாரும் எதையும் நீக்கவில்லை. சில ஆண்டுகளில் அது யாருக்கும் முழுதாகத் தெரியாத ஒரு மூட்டையாகிவிட்டது.

கூட்டாகப் பாடம் எழுதும் மரபு இந்தத் துறைக்குப் புதிதல்ல. கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் 1998-இல் லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வகத்தில் தொடங்கிய, ஆய்வாளர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்கும் சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி பின்னாளில் டேட்டா கார்பென்ட்ரியோடு இணைந்து, 2018 முதல் தி கார்பென்ட்ரீஸ் என்ற ஒரே அமைப்பாக இயங்குகிறது. அதன் பாடங்கள் திறந்த உரிமத்தில் கிட்ஹப் என்ற இணையக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்து நடத்தலாம், திருத்தம் அனுப்பலாம். நம் குழுவினருக்கும் இது தெரியும். தெரிந்திருந்தும் ஸ்லைடு மூட்டையை விட மனம் வரவில்லை, காரணம் கருத்துப் படிவங்கள். "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்றே எல்லாரும் எழுதிக் கொடுத்தார்கள்.

நான் அந்தக் குழுவில் பாதியில் சேர்ந்தவன். கீழே உள்ளது, பாடத்தைத் திருத்தத் தொடங்கியதிலிருந்து புதிய வடிவம் சில சுற்றுகள் நடந்து முடிந்தது வரையிலான பதிவு.

கவனத்துக்கு வந்தவை

பயிலரங்கு முடித்தவர்கள் ஓரிரு மாதத்தில் திரும்பி வந்தார்கள், பயிலரங்குக்கு முன்னால் கேட்ட அதே கேள்வியோடு. ஒரு மாணவி தன் மடிக்கணினியைத் திறந்து, பயிற்சியில் எழுதிய நிரலை அப்படியே வைத்திருப்பதைக் காட்டினார். மலர் இதழ்களின் நீளத்தை அழகாக வரைந்திருந்தார். தன் சொந்தக் கோப்பைத் திறக்க மட்டும் அவரால் முடியவில்லை.

அப்போதுதான் படிவத்தை நம்புவதை நிறுத்தி, அறையைக் கவனிக்கலாம் என்று முடிவானது. அடுத்த பயிலரங்கில் குழுவில் ஒருவர் பாடம் எடுக்கவில்லை, உதவியும் செய்யவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து, யார் எந்த வரியில் நிற்கிறார்கள், நின்றதும் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் எழுதினார். பங்கேற்பாளர்களிடம் இதை முதலிலேயே சொல்லி, பெயர் எதுவும் குறிக்கப்படாது என்றும் உறுதி கொடுக்கப்பட்டது.

அந்தக் குறிப்பேடு சங்கடமான வாசிப்பு. முதல் நாள் காலையில் பெரும்பகுதி மென்பொருளை நிறுவுவதிலேயே போனது. மருத்துவமனைக் கணினிகளில் நிர்வாகி அனுமதி இல்லாததால் சிலர் மதியம் வரை பக்கத்து இருக்கைக்காரரின் திரையைப் பார்த்தபடியே இருந்தார்கள். ஸ்லைடுகள் 2020-க்கு முந்தையவை. ஆர் 4.0.0 அந்த ஆண்டு வந்தபோது, அட்டவணையின் எழுத்துப் பத்திகளைத் தானாகவே ஃபேக்டர் (வகைகளாகப் பிரித்த மதிப்புகள்) ஆக்கும் பழைய வழக்கம் கைவிடப்பட்டது. ஸ்லைடில் ஒரு விடை, திரையில் வேறு விடை. பயிற்றுநர் "அது பழைய வெர்ஷன், விட்டுவிடுங்கள்" என்று கடந்துபோனார். புதிதாகக் கற்பவருக்கு எதை விடலாம், எதை விடக்கூடாது என்று எப்படித் தெரியும்?

இவற்றைவிட ஆழமான சிக்கல் தரவில் இருந்தது. பயிற்சி முழுவதும் இரண்டு தரவுத்தொகுப்புகளைச் சுற்றியே நடந்தது. ஒன்று ஐரிஸ்: ஃபிஷர் 1936-இல் பயன்படுத்திய 150 மலர்களின் அளவுகள். மற்றொன்று 1974-ஆம் ஆண்டு அமெரிக்க மோட்டார் இதழ் ஒன்றிலிருந்து எடுத்த 32 கார்களின் விவரம். இரண்டும் ஆரோடு கூடவே வருபவை, சுத்தமானவை, ஒரு கட்டம்கூட காலியாக இருக்காது. பங்கேற்பாளர்களின் கோப்புகளோ அப்படி இல்லை. வயது என்ற பத்தியில் 999 இருக்கும். விவரம் கிடைக்காதவர்களுக்கு யாரோ போட்டு வைத்தது. அதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் நோயாளிகள் எல்லாரும் நூறு வயதைத் தாண்டிவிடுவார்கள். 00123 என்ற நோயாளி எண் கோப்பைத் திறந்ததும் 123 ஆகி, இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது ஆளே காணாமல் போவார்.

மரபணுப் பெயர்கள் தனிக் கதை. மார்ச்1, செப்ட்2 போன்ற பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிவிடும் என்பது 2004-லேயே ஆய்விதழில் வந்துவிட்டது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைப்பாகக் கொண்ட கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதைக் கண்டது. 2020-இல் மனித மரபணுப் பெயர்களுக்குப் பொறுப்பான குழு பெயர்களையே மார்ச்எஃப்1, செப்டின்2 என்று மாற்றிவிட்டது. எக்செல்லிலும் 2023-இல் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதி வந்தது. ஆனால் பழைய கோப்புகள் பழைய கோப்புகளாகவே ஆய்வகங்களில் கிடக்கின்றன. நம் பயிலரங்கில் ஒருவர் தன் பட்டியலில் "2-செப்" என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, அது ஏதோ புதுப் புரதம் என்று நினைத்திருந்தார். ஸ்லைடுகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

யாரைச் சேர்ப்பது

குழுவின் முதல் யோசனை, ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதுவது. அதற்கு ஆளும் இருந்தார், ஆர்வமும் இருந்தது. ஆனால் குறிப்பேட்டைப் படித்த மூத்த பயிற்றுநர் தடுத்துவிட்டார். பட்டியலில் உள்ள சிக்கல்களில் பாதி நிரலாக்கத்தில் வருபவை அல்ல, ஆய்வகத்திலும் மருத்துவமனையிலும் பிறப்பவை. அவற்றை அறிந்தவர்கள் இந்த அறையில் இல்லை என்பது அவர் வாதம். ஆக, முன்பு பயிலரங்கில் கலந்துகொண்டவர்களிலிருந்தே ஆட்களை அழைப்பது என்று முடிவானது. ஒரு மருத்துவர், ஒரு புள்ளியியலாளர், சுவாசப் பாதை நோய்களை ஆய்வு செய்யும் ஒரு முதுமுனைவர் ஆய்வாளர், இரண்டு மாணவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

பாடங்களை உரையும் நிரலும் சேர்ந்த ஆர் மார்க்டவுன் கோப்புகளாக மாற்றி கிட்ஹப்பில் வைத்து, எல்லாரையும் புல் ரிக்வெஸ்ட் (தன் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) வழியாகத் திருத்தம் அனுப்பச் சொன்னார்கள். நிரல் எழுதுபவர்களுக்கு இதுதான் இயல்பான வழி. சில வாரங்கள் கழித்துப் பார்த்தால், வந்திருந்த திருத்தங்கள் எல்லாமே பகுப்பாய்வுக் குழுவினருடையவை. மற்றவர்களிடமிருந்து ஒன்றுகூட இல்லை. மருத்துவரிடம் விசாரித்தபோது, "நான் சொல்ல வந்தது ஒரு வரி. அதைச் சொல்ல நான் இன்னொரு பயிலரங்குக்குப் போக வேண்டியிருக்கிறது" என்றார். கிளை பிரிப்பது, கமிட் செய்வது, முரண் வந்தால் தீர்ப்பது இதெல்லாம் அவருக்கு எதற்கு?

இங்கே குழுவுக்குள் கொஞ்சம் உரசல் இருந்தது. கிட் (கிட்ஹப்பின் அடியில் இயங்கும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) கற்றுக்கொள்வதும் தரவு அறிவியலின் ஒரு பகுதிதான், அதை விட்டுக்கொடுத்தால் மாற்றங்களின் வரலாறு குழம்பிவிடும் என்று இருவர் வாதிட்டார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் தேவைப்பட்டது மருத்துவரின் அந்த ஒரு வரி. கடைசியில், எல்லாப் பாடங்களையும் இணையத்தில் எல்லாரும் குறிப்பு எழுதக்கூடிய பொது ஆவணமாக வைத்தார்கள். வேர்டில் ஓரக் குறிப்பு எழுதத் தெரிந்தவர் யாரும் இதில் எழுதலாம். குழுவில் ஒருவர் பொறுப்பாசிரியராகி, வாரம் ஒருமுறை குறிப்புகளைத் திரட்டி, கிட்ஹப்பில் எழுதியவரின் பெயரோடு பதிந்தார். ஏற்காத குறிப்புக்கும் காரணம் எழுதிப் பதில் சொல்ல வேண்டும் என்று விதி வைக்கப்பட்டது. இந்த விதி முக்கியமானது. பதில் கிடைத்தவர்கள் மறுபடி எழுதினார்கள்.

உரிமத்தையும் பெயர் வரிசையையும் பற்றிய பேச்சு இந்தக் கட்டத்தில்தான் வந்தது. கிரியேட்டிவ் காமன்ஸின் பெயர்க்குறிப்பு உரிமம் தேர்வானது. ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்குப் பிறகும் பாடத்தை ஸெனோடோ என்ற திறந்த ஆய்வுக் களஞ்சியத்தில் சேமித்து, பங்களித்த எல்லாரின் பெயரோடும் நிலையான அடையாள எண் பெறுவது என்றும் முடிவானது. மாணவர்களுக்கு இது பெரிய விஷயம். பாடம் திருத்தச் செலவழித்த நேரத்தை நெறியாளர் கணக்கில் எடுப்பதில்லை. மேற்கோள் காட்டக்கூடிய ஒன்று கையில் இருந்தால் பேசவாவது முடியும்.

தரவை மாற்றியது

மலரையும் காரையும் விடுவதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதற்குப் பதில் எதை வைப்பது என்பதில்தான் நீண்ட பேச்சு. பங்கேற்பாளர்கள் தங்கள் சொந்தத் தரவைக் கொண்டுவரட்டும் என்ற யோசனை கவர்ச்சியாக இருந்தது. இருபது பேரின் இருபது விதமான கோப்புகளை வைத்துக்கொண்டு ஒரே பாடத்தை நடத்த முடியாது என்பது ஒரு பக்கம். நோயாளித் தரவைப் பயிற்சிக்காக வெளி சேவையகத்தில் ஏற்றுவதை யாரும் அனுமதிக்க முடியாது என்பது இன்னொரு பக்கம். "பெயரை எடுத்துவிட்டால் போதாதா?" என்று ஒரு மாணவர் கேட்டார். பிறந்த தேதி, ஊர்க் குறியீடு, அரிய நோய் மூன்றும் சேர்ந்தால் பெயர் தேவையே இல்லை என்று மருத்துவர் விளக்கினார்.

முடிவில் இரண்டு தரவுத்தொகுப்புகள். முதலாவது, முழுக்க முழுக்கக் கற்பனையாக உருவாக்கிய நோயாளி அட்டவணை. உண்மையான பதிவிலிருந்து அடையாளம் நீக்கி எடுத்தது அல்ல, வெறும் நிரலால் பிறந்தது. அதை எப்படி அழுக்காக்குவது என்று சொன்னவர் மருத்துவர். இந்த இடத்தில் அவர் எழுதிய குறிப்புகள் பாடத்தின் தரத்தையே மாற்றின. 999-ஐ நிரல் எழுதுபவர்களே யோசித்திருப்பார்கள். ஆனால் ஒரு பரிசோதனைப் பத்தியில் காலியாக இருக்கும் கட்டத்துக்கு மூன்று பொருள் இருக்கலாம் என்பது அவருக்குத்தான் தோன்றியது: சோதனை செய்யத் தேவைப்படவில்லை, செய்தார்கள் ஆனால் முடிவு இன்னும் வரவில்லை, செய்திருக்க வேண்டும் ஆனால் தவறிவிட்டது. மூன்றையும் ஒரே மாதிரி நீக்கினால், யாருக்குச் சோதனை தேவைப்பட்டதோ அந்த மோசமான நிலை நோயாளிகள் மட்டுமே பகுப்பாய்வில் எஞ்சுவார்கள். ஆரில் காலி மதிப்புகளை நீக்க ஒரே வரிதான். அந்த வரியைச் சொல்லிக்கொடுக்கும் முன் இந்த மூன்று பொருளையும் பேசியாக வேண்டும் என்று பாடத்தின் வரிசை மாறியது.

இரண்டாவது, உயிரியல் தரவுக்கான ஆர் தொகுப்புகளைத் தரும் பயோகண்டக்டரில் ஒரு தொகுப்பாக எல்லாருக்கும் கிடைக்கும் ஏர்வே தரவு. 2014-இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. மனித மூச்சுக்குழாயின் மென்தசைச் செல்களில் நான்கு செல் வரிசைகள் (ஒவ்வொன்றும் ஒரே மூலத்திலிருந்து வளர்த்த செல்கள்). ஒவ்வொன்றும் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தும் கொடுக்காமலும். ஆக மொத்தம் எட்டு மாதிரிகள். அளவில் சிறியது, மடிக்கணினியில் ஓடும், கேள்வி எளிது: ஸ்டீராய்டு கொடுத்தால் எந்த மரபணுக்கள் மாறுகின்றன?

தலைகீழாக நின்ற வரைபடம்

இந்தத் தரவில்தான், கூட்டாகத் திருத்துவது எதற்கு என்ற கேள்விக்கு எல்லாருக்கும் புரிகிற பதில் கிடைத்தது.

மரபணு வெளிப்பாட்டுப் பாடத்தின் புதிய வரைவை நிரல் எழுதும் இருவர் தயாரித்தார்கள். மாதிரி விவரங்களை எளிய சிஎஸ்வி கோப்பாக்கி, மருந்து கொடுத்தவற்றுக்கு "டிரீட்டட்", கொடுக்காதவற்றுக்கு "அன்டிரீட்டட்" என்று ஆங்கிலத்தில் பெயரிட்டார்கள். மரபணு வெளிப்பாட்டை ஒப்பிடும் டீசீக்2 தொகுப்பைக் கொண்டு ஒப்பிட்டார்கள். நிரல் ஓடியது, பிழை எதுவும் இல்லை. கூடிய மரபணுக்களை ஒரு பக்கமும் குறைந்தவற்றை மறுபக்கமும் காட்டும் எரிமலை வரைபடம் பாடநூலில் வருவதுபோல் இரு பக்கமும் விரிந்து நின்றது. ஒருவர் எழுதினார், மற்றவர் சரிபார்த்தார், வரைவு பொது ஆவணத்துக்குப் போனது.

சுவாச நோய் ஆய்வாளர் வரைபடத்தின் ஓரத்தில் குறிப்பு எழுதினார்: "எஃப்கேபிபி5 மரபணு இங்கே குறைந்திருப்பதாகக் காட்டுகிறது. டெக்ஸாமெத்தாசோனுக்கு இது ஏறும். பெர்1-உம் அப்படித்தான். படம் தலைகீழாக இருக்கிறதா?"

தலைகீழாகத்தான் இருந்தது. எந்தக் குழுவோடு ஒப்பிட வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், ஆர் பெயர்களை ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கி, முதலில் வருவதை ஒப்பீட்டு அடிப்படையாக வைத்துக்கொள்ளும். டி என்ற எழுத்து யூ-வுக்கு முன்னால் வருகிறது. மருந்து கொடுத்த செல்கள் அடிப்படையாகிவிட்டன. கொடுக்காதவை அவற்றோடு ஒப்பிடப்பட்டன. பி மதிப்புகள் (வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படி வரும் வாய்ப்பு) அனைத்தும் சரி, மாற்றத்தின் அளவும் சரி, கூட்டல் கழித்தல் குறி மட்டும் எல்லா மரபணுக்களுக்கும் மாறிவிட்டது. எரிமலை வரைபடம் கிட்டத்தட்டச் சமச்சீரானது என்பதால் பார்த்தால் தெரியாது. எழுத்துப் பத்தியை ஃபேக்டராக மாற்றுவதாக டீசீக்2 ஓர் எச்சரிக்கையும் காட்டியிருந்தது. தினமும் சிவப்பு எழுத்தில் ஏதாவது வந்துகொண்டே இருக்கும் திரையில் அதை யார் நின்று படிக்கிறார்கள்?

திருத்தம் ஒரே வரி: அடிப்படை எது என்று வெளிப்படையாகச் சொல்வது. அதைச் செய்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் பொறுப்பாசிரியர் வேறொன்று செய்தார். தவறான அந்த வரைவையே பயிற்சியாக மாற்றினார். பங்கேற்பாளர்கள் முதலில் அடிப்படை சொல்லாத நிரலை ஓட்டுவார்கள். பிறகு எஃப்கேபிபி5, பெர்1 இரண்டையும் தேடிப் பார்த்து, ஆய்வு இலக்கியத்தில் சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்று தாங்களே எழுத வேண்டும். அதன் பிறகுதான் அடிப்படையை மாற்றும் வரி. கூடவே எல்லாப் பாடங்களுக்கும் ஒரு விதி வந்தது: ஒவ்வொரு பகுப்பாய்வின் முடிவிலும், விடை முன்கூட்டியே தெரிந்த ஒன்றையாவது சோதித்துப் பார்க்கும் கட்டம் இருக்க வேண்டும். அந்தத் தெரிந்த விடையைத் தருவது துறை ஆய்வாளரின் பொறுப்பு.

இதற்கு முன்பு, துறை ஆய்வாளர்களை வாசித்துப் பார்க்க அழைப்பதை ஒரு மரியாதையாகவே குழுவில் சிலர் கருதினார்கள் என்று நினைக்கிறேன். அதன் பிறகு அவர்கள் பார்க்காமல் எந்தப் பாடமும் வெளியே போகவில்லை.

எதை வெட்டுவது

சேர்ப்பதற்கு எல்லாரிடமும் ஏதாவது இருந்தது. இரண்டு நாள் இரண்டு நாள்தான். புள்ளியியலாளர் தன் பட்டியலில் இரண்டை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்தார். ஒன்று, ஒரே எலியிலிருந்து எடுத்த மூன்று கிணறுகள் (செல் வளர்க்கும் தட்டின் குழிகள்) மூன்று மாதிரிகள் ஆகாது என்பது. இரண்டாவது, பல சோதனைகளைச் செய்யும்போது தற்செயலாகவே குவியும் பொய்க் கண்டுபிடிப்புகள்.

முதலாவதுக்கு ஏர்வே தரவே வசதியாக இருந்தது. நான்கு செல் வரிசைகள் என்பதைப் புள்ளியியல் மாடலில் சேர்க்காமல் ஒருமுறை, சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் கண்முன் நிற்கும். இரண்டாவதுக்கு இருந்த பத்துப் பதினைந்து ஸ்லைடுகளைத் தூக்கிவிட்டு ஒரு சிறு விளையாட்டு வைத்தார்கள். பங்கேற்பாளர்கள் 20,000 மரபணுக்களுக்கு வெறும் சீரற்ற எண்களை உருவாக்கி, இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் டி-சோதனை (இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடுவது) செய்வார்கள். உண்மையில் வித்தியாசமே இல்லாத தரவில் பி மதிப்பு 0.05-க்குக் கீழே சுமார் 1,000 மரபணுக்கள் வந்து விழும். பிறகு பென்ஜமினியும் ஹாக்பர்க்கும் 1995-இல் தந்த திருத்தத்தைப் போட்டால் அனேகமாக எல்லாம் மறைந்துவிடும். பின்வரிசைக் குறிப்பேட்டில் இந்த இடத்தில் "அறை அமைதி, பிறகு ஒரே பேச்சு" என்று எழுதியிருந்தது.

இந்த நேரம் எங்கிருந்து வந்தது என்றால், இயந்திரக் கற்றலிலிருந்து. அந்தக் கடைசி மணி நேரம் முழுவதும் வெட்டப்பட்டது. நிறுவனத்தின் பயிற்சிப் பொறுப்பாளருக்கு இதில் உடன்பாடு இல்லை. அறிவிப்பில் அந்த வார்த்தையைப் பார்த்துத்தான் பலர் பதிவு செய்கிறார்கள் என்றார். அது உண்மையும்கூட. ஆனாலும், பழைய பயிலரங்கில் அந்தப் பகுதியைக் கற்று யாராவது பயன்படுத்தியதாக யாராலும் சொல்ல முடியவில்லை. எனக்கு இந்த முடிவில் இன்றுவரை சந்தேகம் இல்லை.

சின்னச் சின்னத் திருத்தங்களும் நிறைய வந்தன. ஹீட்மேப்பில் (மதிப்புகளை நிறமாகக் காட்டும் படத்தில்) கூடியதற்குச் சிவப்பு, குறைந்ததற்குப் பச்சை என்ற பழைய வழக்கத்தை ஒரு மாணவர் சுட்டிக்காட்டினார். அவருக்கு இரண்டும் ஒரே நிறம். நிறக்குருடு உள்ளவர்களுக்கும் வேறுபாடு தெரியும் விரிடிஸ் வண்ண வரிசைக்கு மாறினார்கள். நிறுவுதல் தொல்லைக்கு, ஆர் நிரல் எழுதும் செயலியான ஆர்ஸ்டுடியோவை ஒரு சேவையகத்தில் வைத்து உலாவி வழியாகத் திறக்கும்படி செய்தார்கள்.

பின்னர் நடந்தது

புதிய பாடத்தில் நடந்த முதல் பயிலரங்கில் காலை முக்கால் மணி நேரத்துக்குள் எல்லாரும் முதல் கோப்பைத் திறந்துவிட்டார்கள். பயிற்றுநர் ஸ்லைடைக் காட்டாமல் தானே தட்டச்சு செய்ய, மற்றவர்கள் கூடவே செய்தார்கள். சிக்கிக்கொண்டவர் மடிக்கணினி மேல் வண்ணக் காகிதத்தை ஒட்டிவைப்பார். உதவியாளர் அதைப் பார்த்து வருவார். கார்பென்ட்ரீஸ் பயிலரங்குகளில் பழகிய முறைதான். பயிற்சிகளை முடித்தவர்களின் எண்ணிக்கை கூடியது கண்ணுக்கே தெரிந்தது.

அதன் பிறகான மாதங்களில் உதவி கேட்டு வருபவர்கள் குறையவில்லை. மாறியது கேள்விகள். முன்பு "இதை ஓட்டித் தர முடியுமா" என்று கோப்பை நீட்டியவர்கள், இப்போது "எலிகள் வேறு வேறு நாளில் வந்தவை, வந்த நாளையும் மாடலில் சேர்க்க வேண்டுமா" என்று கேட்டு வந்தார்கள். இதைப் பயிற்சியின் பலன் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அதே காலத்தில் புதிதாக வந்த மாணவர்கள் பலருக்கு முன்பே நிரலாக்கம் தெரிந்திருந்தது.

எல்லாம் நன்றாகவும் போகவில்லை. இரண்டாம் நாள் மதியம் மருத்துவர்கள் இருந்த வரிசை பாதி காலியானது. அவர்கள் வேலையில் மரபணு வெளிப்பாட்டுத் தரவே வராது. செல் வரிசையும் டெக்ஸாமெத்தாசோனும் அவர்களுக்கு மலருக்கும் காருக்கும் எந்த விதத்திலும் மேல் இல்லை. அடுத்த சுற்றில் இரண்டாம் நாளை இரண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று: ஆய்வகத்தாருக்கு ஏர்வே, மருத்துவர்களுக்குக் கற்பனை நோயாளி அட்டவணையின் தொடர்ச்சி. பயிற்றுநர் தேவை இரட்டிப்பானது.

பெரிய அடி பொறுப்பாசிரியர் நீண்ட விடுப்பில் போனபோது விழுந்தது. குறிப்புகள் ஆவணத்தில் குவிந்தன; பதில் வராததால் எழுதியவர்களும் நிறுத்திவிட்டார்கள். பயோகண்டக்டர் ஆண்டுக்கு இரண்டு முறை புதுப் பதிப்பு வெளியிடும். அப்படி ஒன்று அந்த இடைவெளியில் வந்து, சேவையகத்திலும் ஏற்றப்பட்டுவிட்டது. அடுத்த பயிலரங்குக்கு இரண்டு நாள் முன்னால்தான் ஒரு பாடத்தின் நிரல் ஓடவில்லை என்று தெரிந்தது. இரவோடு இரவாகச் சரிசெய்தார்கள். ஆனால் அந்த அவசரத் திருத்தம் கிட்ஹப்புக்குப் போனது, பொது ஆவணத்துக்கு வரவில்லை. கொஞ்ச காலம் இரண்டு இடத்தில் இரண்டு பாடங்கள் இருந்தன. ஆரம்பத்தில் கிட் வேண்டும் என்று வாதாடியவர்கள் பயந்தது இதைத்தான்.

மாற்ற வேண்டியவை

குழு உட்கார்ந்து பேசி எழுதிவைத்தவற்றில் முதலாவது, பொறுப்பாசிரியர் பணியைச் சுழற்சியாக்குவது. ஒருவர் இருக்கும்போதே அடுத்தவர் ஒரு சுற்று கூடவே இருந்து பழக வேண்டும். ஓரக் குறிப்பு முறையைக் கைவிடும் யோசனை வந்தது. மருத்துவரும் சுவாச நோய் ஆய்வாளரும் எதிர்த்தார்கள், அது தொடர்கிறது. ஆனால் பொது ஆவணம் இனி கிட்ஹப் கோப்பிலிருந்து தானாக உருவாகும் நகலாக மட்டும் இருக்கும். அதில் குறிப்பு எழுதலாம், பாடத்தை நேரடியாக மாற்ற முடியாது.

மென்பொருள் பதிப்புகளை ரென்வ் என்ற ஆர் தொகுப்பைக் கொண்டு பூட்டிவைப்பது இரண்டாவது. இதில் ஒரு சங்கடம் உண்டு. பூட்டிய பாடம் எப்போதும் ஓடும், ஆனால் பங்கேற்பாளர் தன் கணினியில் புதுப் பதிப்பை நிறுவினால் வேறு விடை வரலாம். பழைய ஸ்லைடுகளில் நடந்த அதே கதை. ஆகவே பூட்டைத் திறந்து புதுப்பிக்க ஆண்டுக்கு இரண்டு தேதிகள் குறிக்கப்பட்டன, பயோகண்டக்டர் வெளியீட்டுக்குச் சில வாரங்கள் கழித்து. அந்த நாளில் பாடம் முழுவதையும் தானியங்கியாக ஓட்டி, எஃப்கேபிபி5 கூடியிருக்கிறதா என்பதையும் நிரலே சோதிக்கும்.

உரிமம், பெயர் வரிசை ஆகியவற்றை வேலை தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும் என்பதில் எல்லாரும் ஒத்துப்போனார்கள். பாதியில் முடிவெடுத்ததால், பழைய ஸ்லைடுகளில் இருந்த சில படங்கள் எங்கிருந்து வந்தவை என்றே தெரியாமல் நீக்க வேண்டியிருந்தது. நிறுவனத்தை விட்டுப் போய்விட்ட முன்னாள் பயிற்றுநர்களைத் தேடிப்பிடித்து அனுமதி கேட்பதிலும் நாள் ஓடியது.

பின்வரிசைக் குறிப்பேடு நிரந்தரமாகிவிட்டது. ஒவ்வொரு பயிலரங்கிலும் ஒருவர் அதற்கென்றே உட்காருகிறார். மருத்துவர்களுக்கான பிரிவில் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வைச் (நோயாளிகள் எவ்வளவு காலம் பிழைக்கிறார்கள் என்று கணிப்பது) சேர்க்கக் கோரிக்கை வந்திருக்கிறது. பாதியில் தொடர்பு விட்டுப்போன நோயாளிகளைக் கற்பனைத் தரவில் எப்படி நம்பும்படி உருவாக்குவது என்பதில் மருத்துவரும் புள்ளியியலாளரும் இன்னும் உடன்படவில்லை. சிகிச்சை பலன் தராததால் வராமல் போனவரையும், ஊர் மாறியதால் வராமல் போனவரையும் ஒரே குறியீட்டில் வைக்கக்கூடாது என்கிறார் மருத்துவர். அந்தப் பாடத்தின் வரைவு, ஓரக் குறிப்புகளோடு திறந்தே இருக்கிறது.